7. டிவிடியில் இருக்கும் பாட்டைப் பத்திரப்படுத்துதல்

மும்பையை அடுத்த கல்யாண் கிழக்கில் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் நாற்பத்தொரு டிவிடிகள். பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை: மாட்டுங்கா கிரி டிரேடிங்கில் வாங்கிய கச்சேரிகள், மார்கழிக்குச் சென்னை போய்வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. மிச்சமெல்லாம் வீட்டுச் சரக்கு. அக்கா பெண்ணின் அரங்கேற்றம், பெரியப்பாவின் சதாபிஷேக நாதஸ்வரம், கட்டடத்து மொட்டைமாடியில் நடந்த ராமநவமி பஜனையில் அம்மா பாடியது.

ஒரு நாள் அம்மா பாடிய தட்டைப் போட்டேன். முதல் இரண்டு பாட்டு நன்றாக ஓடியது. மூன்றாவது பாட்டின் நடுவில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. பிளேயர் மட்டும் உள்ளே 'டக், டக்' என்று தேடிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பழுதில்லாமல் ஓடின.

இந்த அத்தியாயத்தின் முதல் பாடம் அதுதான். எது உலகத்தில் வேறெங்கும் இல்லையோ, அதுதான் முதலில் கெடுகிறது. எனவே பிரதி எடுக்கும் வேலையை அதிலிருந்து தொடங்க வேண்டும்.

எதை முதலில் எடுப்பது

கடையில் விற்கும் டிவிடி ஆலையில் அச்சடித்தது. அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. மேலே மெல்லிய உலோகப் பூச்சு. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதிய டிவிடி அப்படியல்ல. அதில் சாயம் போன்ற ஒரு படலம் இருக்கிறது. ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும், வெக்கையில் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரெல்லாம் ஈரம் கோக்கும் நம் ஊரில், ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு வெற்றுத் தட்டுகளில் ஒன்று பதினைந்து வருஷம் நிற்கும், மற்றொன்று ஐந்தாம் வருஷமே தடுமாறும். வெளியே இருந்து பார்த்து எதையும் சொல்ல முடியாது.

ஆகவே டின்னைத் திறந்ததும் தட்டுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

1. வீட்டில் பதிந்தவை: கல்யாணம், அரங்கேற்றம், பஜனை, கோவில் கொடை, தாத்தா பாட்டி பாடியது. தாராவியில் ஊர்க்காரர்கள் நடத்திய கொடை விழாவில் வில்லுப்பாட்டை உள்ளூர் விடியோக்காரர் பிடித்த தட்டு உங்களிடம் இருந்தால், அதுவும் இந்தக் குவியல்தான். அந்தப் பாட்டுக்கு வேறு சாட்சி இல்லை.

2. அச்சில் இல்லாதவை: கம்பெனி மூடிவிட்டது, மறுபடி வராது என்று தெரிந்த கச்சேரித் தட்டுகள்.

3. இன்றும் கடையிலோ இணையத்திலோ முறையாகக் கிடைப்பவை.

முதல் குவியல் முழுதாக முடிந்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். பெரிய வித்வானின் தட்டை முதலில் எடுக்கத்தான் மனம் போகும். அந்த வித்வானின் பாட்டை ஆயிரம் வீடுகள் காப்பாற்றும். உங்கள் பாட்டியின் பாட்டுக்கு உங்கள் வீடு ஒன்றுதான்.

தட்டுக்குள் இருப்பது என்ன

டிவிடியைக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'விடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். சிலவற்றில் 'ஆடியோ டிஎஸ்' என்று இன்னொன்றும் இருக்கும்; அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். விடியோ ஃபோல்டருக்குள் மூன்று வகைக் கோப்புகள் உண்டு. விஓபி என்று முடிபவைதான் படமும் பாட்டும். ஐஎஃப்ஓ என்பது வழிகாட்டி: எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, மெனு எது, எத்தனை ஒலித்தடம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். பியூபி என்பது அந்த வழிகாட்டிக்கு மாற்று நகல்.

விஓபி எதுவும் 1 ஜிபிக்கு மேல் போகாது. டிவிடி விதிப்படி பெரிய நிகழ்ச்சியை அந்த அளவில் துண்டு போட்டுத்தான் வைப்பார்கள். துண்டு போடும் இடம் பாட்டின் இடம் பார்த்து வருவதில்லை. ஆலாபனையின் நடுவில் விழும், தனி ஆவர்த்தனத்தின் மோராவுக்கு முன்னால் விழும். பலர் செய்யும் தவறு இங்கேதான். விஓபிகளை மட்டும் ஹார்ட் டிஸ்கில் இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஓட்டும்போது ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தாளம் தட்டுகிறது. பாட்டு வாரியாகத் தாவவும் முடிவதில்லை. வழிகாட்டிக் கோப்பு கூடவே வராததால் வந்த வினை அது.

கச்சேரி டிவிடி ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சுருக்காத ஸ்டீரியோ ஒலி மட்டுமே மணிக்கு சுமார் 690 எம்பி பிடிக்கும். இரண்டரை மணி நேரக் கச்சேரி என்றால் ஒலிக்கே 1.7 ஜிபி. அதன்மேல் படம். ஒரு அடுக்குத் தட்டு 4.7 ஜிபி, இரண்டு அடுக்குத் தட்டு 8.5 ஜிபி கொள்ளும். படத்தையும் ஒலியையும் உச்சத் தரத்தில் பதிந்தால் ஒரு அடுக்கில் ஒரு மணி நேரம்தான் நிற்கும். மூன்று மணி நேரத்தை ஒரே தட்டில் தர நினைத்த நல்ல கம்பெனிகள் இரண்டு அடுக்குக்குப் போனதற்குக் காரணம் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இமைப்பொழுது படம் நின்று நகர்ந்தால், லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறுகிறது என்று பொருள், அது பழுதல்ல.

எவ்வளவு இடம் வேண்டும்

கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். தட்டை டிரைவில் போட்டு, மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று தெரியும். 4.7 ஜிபி தட்டை விண்டோஸ் 4.38 என்று காட்டும், 8.5-ஐ 7.95 என்று காட்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்கை 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. பெட்டியில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

முழுதும் நிரம்பிய ஒரு அடுக்குத் தட்டுகள் ஒரு டிபியில் சுமார் 210 அடங்கும். இரண்டு அடுக்குத் தட்டுகள் சுமார் 115. ஐம்பது, நூறு தட்டு வைத்திருக்கும் வீட்டுக்கு 1 டிபி போதும். ஆனால் ஒன்றல்ல, மூன்று வாங்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில் வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே வார்ப்பில் வந்தவை ஒரே சமயத்தில் படுத்துவிடும் வாய்ப்பு உண்டு.

இப்போதைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். லாமிங்டன் ரோடு வரை போக நேரமில்லையென்றால் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். அதை லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். மலிவான ஹப் வழியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் தட்டு பாதியில் நிற்கும், நீங்கள் தட்டைக் குறை சொல்வீர்கள்.

கையடக்க கேமராவில் பதிந்த 8 செ.மீ. குட்டித் தட்டுகள் (1.4 ஜிபி) சில வீடுகளில் இருக்கும். அவற்றைத் தட்டு நீளும் டிரைவில், நடுப்பள்ளத்தில் சரியாக வைத்து ஓட்டுங்கள். வாயில் உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவில் போடவே கூடாது, உள்ளே மாட்டிக்கொள்ளும்.

'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று சொன்னால்

எங்கள் மாடியில் இருக்கும் மாமி ஒரு நாள் 64 ஜிபி பென் டிரைவோடு வந்தார். பேத்தியின் அரங்கேற்றம் 7 ஜிபிக்கு ஒரே கோப்பாக லேப்டாப்பில் இருந்தது. "அறுபத்து நாலு இடம் காலியா இருக்கு, ஏழு வைக்க மாட்டேங்கறதே? டிரைவ் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார்.

டிரைவ் அசல்தான். அதன் உள் அமைப்பு ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தது. அந்த முறையில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிவிடியின் முழுப் பிரதி பெரும்பாலும் தாண்டிவிடும். அதனால்தான் மறுப்பு.

தீர்வு, டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுவது. விண்டோஸும் மேக்கும் இரண்டுமே அதைப் படிக்கும், எழுதும். விண்டோஸ் மட்டும்தான் வீட்டில் என்றால் என்டிஎஃப்எஸ் முறையும் நல்லது. வலது பொத்தான், 'ஃபார்மட்', பட்டியலில் 'எக்ஸ்ஃபேட்', 'ஸ்டார்ட்'. அவ்வளவுதான். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி, மாறியதைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.

கோப்பை 4 ஜிபிக்குள் அடக்குவதற்காகச் சுருக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய கிடைக்கும். 8.5 ஜிபியை 4.7-ல் திணிக்கும் மென்பொருள்களும் ஒரு காலத்தில் பிரபலம். வெற்றுத் தட்டும் ஹார்ட் டிஸ்கும் விலை அதிகமாக இருந்த நாட்களில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று இல்லை. சுருக்கும்போது போவது திரும்ப வராது. மிருதங்கக்காரரின் விரல் அசைவு முதலில் மங்கும், பிறகு தம்புராவின் கார்வை மெலியும். மூலப் பிரதியை ஒருபோதும் சுருக்காதீர்கள்.

தட்டைத் துடைக்கும் முறை

டிவிடி இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. பாட்டு நடுவில் இருக்கிறது. எனவே கீழ்ப்பக்கக் கீறல்கள் பலவற்றை லேசர் தாண்டிவிடும். தாண்ட முடியாதது விரல் எண்ணெயும் பூஞ்சைப் படலமும்.

ஓரத்தையும் நடு ஓட்டையையும் பிடித்துத் தூக்குங்கள். மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். ரெக்கார்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு சுருள் வட்டமாக ஓடுகிறது. வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நெடுந்தூரம் அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்து, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, பிறகு டிரைவில் போடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். தட்டின் மேல் ஒட்டிய காகித லேபிளைப் பிய்க்கவும் வேண்டாம்.

பிரதி எடுத்தல், படிப்படியாக

தட்டை ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுப்பதுதான் சிறந்த முறை. மெனு, பாட்டு வரிசை, எல்லா ஒலித்தடங்களும், துண்டுகளின் தையலும் தட்டில் இருந்தபடியே வந்துவிடும். விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டி அதே வேலையைச் செய்யும். அதில் 'டிவிடி மாஸ்டர்' வகையைத் தேர்ந்தெடுங்கள்.

1. ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தட்டுக்கு 9 ஜிபி என்று வைத்துக்கொண்டால் தவறாது.

2. இம்ஜ்பர்னில் 'தட்டிலிருந்து இமேஜ் கோப்பு உருவாக்கு' என்று பொருள்படும் பொத்தானை அழுத்துங்கள்.

3. படிக்கும் வேகத்தை 8 மடங்குக்குள் வையுங்கள். பழைய தட்டானால் 4. டிவிடியின் அடிப்படை வேகம் நொடிக்குச் சுமார் 1.4 எம்பி. நாலு மடங்கில் 4.7 ஜிபி தட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தட்டின் உறையில் எழுதியிருப்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. கோப்பின் பெயரை இப்போதே சரியாக இடுங்கள். 'நியூ 1', 'நியூ 2' என்று இட்டால் ஆறு மாதத்தில் நீங்களே தொலைந்துபோவீர்கள்.

5. முடிந்ததும் அந்தக் கோப்பை விஎல்சியில் திறந்து மூன்று இடத்தில் பாருங்கள்: முதல் பாட்டின் தொடக்கம், நடு, மங்களம். கடைசியைப் பார்ப்பது முக்கியம். தட்டு ஓரத்தில்தான் முதலில் கெடும், எழுதிய தட்டின் கடைசிப் பாட்டு ஓரத்தை ஒட்டி இருக்கும்.

6. கோப்புக்கு ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து வையுங்கள். செவன்-ஜிப் மென்பொருளை நிறுவினால், கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தியதும் 'ஷா-256' என்று ஒரு வசதி வரும். அது கோப்பின் கைரேகை மாதிரி. 8 ஜிபியில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் போட்ட பிரதிக்கும் அதே எண் வந்தால், பாட்டு பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

மெனு வேண்டாம், டிவியில் ஓடினால் போதும் என்பவர்கள் மேக்எம்கேவி கொண்டு எம்கேவி கோப்பாக எடுக்கலாம். படத்தையும் ஒலியையும் அது சுருக்குவதில்லை. உறையை மட்டும் மாற்றுகிறது. விஓபி துண்டுகளைத் தையல் தெரியாமல் இணைத்துவிடும், பாட்டு வாரியாகத் தாவவும் முடியும். ஒலித்தடம் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். 'பிசிஎம்' என்று இருப்பதை விடவே கூடாது. சுருக்காத ஒலி அதுதான்.

படிக்க மறுக்கும் தட்டு

டிவிடி ரெக்கார்டரில் நேராகப் பதிந்த தட்டுகள் கம்ப்யூட்டரில் 'காலி' என்று காட்டலாம். கலங்காதீர்கள். பதிந்தவர் கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருப்பார். அதே ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள். 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று எந்த இயந்திரம் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போன தட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் ஓடும், தெரிந்த கல்லூரிப் பையன் யாராவது உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அமைத்துத் தருவான். அதன் சிறப்பு, பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து நிதானமாகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்புக் கோப்பும் வைத்துக்கொள்ளும். அதனால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேறொரு டிரைவில் அதே தட்டைப் போட்டு, மிச்சத்தை மட்டும் எடுக்கவும் செய்யலாம்.

அம்மாவின் தட்டை இப்படித்தான் மீட்டேன். முதல் இரவு வெளி டிரைவில் ஓடியது. காலையில் பார்த்தால் பெரும்பகுதி வந்திருந்தது, மூன்றாவது பாட்டில் மட்டும் ஓட்டைகள். ஒரு நண்பரின் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிரைவைக் கடன் வாங்கி அதே தட்டைப் போட்டேன். ஒரு லேசருக்குத் தெரியாதது இன்னொரு லேசருக்குத் தெரிந்தது. இன்று அந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் படம் உடைகிறது. அம்மாவின் குரல் முழுசாக இருக்கிறது. ஆகவே ஒரு டிரைவ் கைவிரித்ததும் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு, மூன்று டிரைவில் முயலுங்கள். பிரதி எடுத்த பிறகும் மூலத் தட்டை வைத்திருங்கள்.

கையில் வைத்துப் பார்க்கச் சின்னப் பிரதி

குடும்ப வாட்ஸப்பில் அனுப்பவும், லோக்கலில் போகும்போது கேட்கவும் 8 ஜிபி கோப்பு உதவாது. அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பிரதி செய்துகொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்து, எச்.264 வகையைத் தேர்ந்தெடுத்து, தர எண்ணை 18-க்கும் 20-க்கும் இடையில் வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும். ஒலிக்கு ஏஏசி 192 போதும். 'டீஇன்டர்லேஸ்' வசதியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேகமாக அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். பெரிய பிரதி பெட்டகத்துக்கு, சின்னப் பிரதி சட்டைப் பைக்கு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கலக்காதீர்கள்.

சட்டமும் நியாயமும்

சொந்தமாகப் பதிந்தவற்றில் சிக்கல் குறைவு. கடையில் வாங்கிய தட்டுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். அதன் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகல் எடுக்காமல் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி குற்றம். பூட்டுள்ள தட்டு இம்ஜ்பர்னில் மறுத்தால், உடைக்கும் வழியை இந்த நூல் சொல்லப்போவதில்லை. அந்தக் கச்சேரி முறையாகக் கிடைக்கும் இடத்தில் மறுபடி வாங்குங்கள். எடுத்த பிரதியை விற்பதும், யூட்யூபில் ஏற்றுவதும், பென் டிரைவில் ஊருக்கெல்லாம் கொடுப்பதும் பாடியவரின் பிழைப்பில் கைவைப்பது. பாட்டின் மேல் இருக்கும் அன்பினால்தான் இதைச் செய்கிறோம். பாடியவருக்கு அது நஷ்டமாகக் கூடாது.

எத்தனை பிரதி, எங்கெங்கே

2005 ஜூலை 26 இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. உல்லாஸ் ஆறு பொங்கி பத்லாபூரிலும் கல்யாணிலும் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் இருந்த வீட்டில், ஆல்பமும் கேசட்டும் டிவிடியும் ஒரே டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பத்திரமாக ஒரே இடத்தில் இருந்ததால் எல்லாம் ஒன்றாகப் போயின. அதே உல்லாஸ் 2019 ஜூலையில் மறுபடி பெருகி, வாங்கணி அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸை ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளோடு நிறுத்தியது.

தண்ணீர் மட்டுமல்ல. 1990-ல் மும்பையின் ஷண்முகானந்தா அரங்கமே தீயில் கருகியது. பிறகுதான் மறுபடி எழுந்தது. 2008-ல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பிடித்த தீயில் இசைக் கம்பெனியின் மூல ஒலிநாடாக்கள் ஏராளமாக எரிந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த இழப்பு என்றால், ஒரே டிரங்குப் பெட்டியை நம்பும் நம் வீடு எம்மாத்திரம்?

விதி எளிது: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம் (ஹார்ட் டிஸ்கும், பத்திரமாக வைத்த மூலத் தட்டும்), ஒன்று வேறு ஊரில்.

முதல் பிரதி வீட்டு ஹார்ட் டிஸ்க். தரைத்தளமானால் பரணில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் மழைக்காலம் தொடாது. இரண்டாவது, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் அண்ணன், தங்கை வீட்டில். மூன்றாவது ஊரில்: திருநெல்வேலியோ பாலக்காடோ தஞ்சாவூரோ, உங்களுக்கு எதுவோ அது. மும்பையில் பெய்யும் மழை கல்யாணையும் செம்பூரையும் ஒரே நாளில் நனைக்கும், ஊரை நனைக்காது. தெற்கே போகும் வண்டிகள் பலவும் கல்யாணில் நின்றுதான் போகின்றன. கோடை விடுமுறைக்குப் போகும்போது துணியில் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போங்கள்; சீட்டுக்கு அடியில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள்.

இணையச் சேமிப்பை நாலாவது காவலாக வைத்துக்கொள்ளலாம். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மூன்று தட்டுதான் நிற்கும். அதற்கு மேல் மாதக் கட்டணம். மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 8.5 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அப்படி நூறு தட்டுக்குச் சுமார் எட்டு நாள் இரவும் பகலும் ஓட வேண்டும். முதல் குவியலை மட்டும் ஏற்றினால் சுமை குறையும்.

பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது மெல்ல மங்கக் கூடும். பாட்டை எடுத்துப் போவதற்கு அது போதும். நெடுங்காலக் காவலுக்குப் போதாது.

பெயரும் குறிப்பும்

கோப்பின் பெயரில் ஆண்டு, நிகழ்ச்சி, இடம், தட்டு எண் என்ற நான்கும் இந்த வரிசையில் இருக்கட்டும். உதாரணம்: '2007-ராமநவமி பஜனை-கல்யாண்-தட்டு 1'. ஆண்டு முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசைப்படி அடுக்கும்.

கூடவே ஒரு நோட்டு வையுங்கள். பாட்டு, ராகம், பாடியவர், பக்கவாத்தியம், யார் வீடு, என்ன விசேஷம். இந்த வேலையைப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அம்மாவின் தட்டில் ஓரமாக உட்கார்ந்து கஞ்சிரா வாசிப்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் படத்தை நிறுத்திக் காட்டினேன். "லோகோ ஷெட்ல என்கூட வேலை பார்த்தவர்டா. நைட் டூட்டி முடிஞ்சு, குளிச்சுட்டு நேரா வந்து வாசிச்சார்" என்றார். எந்த மென்பொருளும் அதை எடுத்துத் தராது. நோட்டில் எழுதினேன். பக்கங்களைப் போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டேன். இப்போது பாட்டு போகும் இடமெல்லாம் அந்தக் கதையும் போகும்.

வருஷத்துக்கு ஒரு நாள்

ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். நன்றாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை புதியதற்கு மாற்ற வேண்டும். காலண்டரில் குறித்து வைத்தால் மறந்துபோகும். மறக்காத நாள் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தோடும் ஹார்மோனியத்தோடும் ஹார்ட் டிஸ்கையும் பூஜையில் வையுங்கள். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த வாத்தியத்தை எடுத்து இரண்டு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். ஹார்ட் டிஸ்கையும் அப்படியே எடுங்கள். லேப்டாப்பில் செருகுங்கள். நான்கைந்து கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். செம்பூருக்கும் ஊருக்கும் போன் போட்டு அவர்களையும் தங்களிடம் இருப்பதைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பாட்டை முழுதாக ஓட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு அம்மாவின் மூன்றாவது பாட்டைத்தான் ஓட்டுகிறோம்.